மதகுக்குப் பக்கத்தில் ஒரு மூளை

திருச்சிக்கு வெள்ளம் இரண்டு தினுசில் வரும்.

ஒன்று, சொல்லிக்கொண்டு வருவது. கர்நாடகாவில் மழை வெளுத்து வாங்கும். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பும். அந்தத் தண்ணீர் மேட்டூருக்கு வந்து, 120 அடியைத் தொட்டு, உபரி நீர் திறக்கப்பட்டு, வழியில் பவானியையும் அமராவதியையும் கூட்டிக்கொண்டு முக்கொம்புக்கு வந்து சேரும். அதற்குள் ரேடியோ, டி.வி. எல்லாம் ஒரு சுற்று சொல்லி முடித்திருக்கும். அம்மா மண்டபம் படித்துறையில் தடுப்புக் கட்டியிருப்பார்கள். வெள்ளம் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் காவிரிப் பாலத்தில் வந்து நிற்பார்கள்.

இன்னொன்று, சொல்லாமல் வருவது. ஊருக்குத் தெற்கே மேட்டு நிலத்தில் ராத்திரி ஒரு மழை அடிக்கும். கோரையாறு, குடமுருட்டி என்று வருஷத்தில் பாதி நாள் மணலும் புதருமாகக் கிடக்கிற ஆறுகளுக்குத் திடீரென்று உயிர் வந்துவிடும். விடிந்து கதவைத் திறந்தால் தண்ணீர் வாசலில் நிற்கும். 1977 நவம்பர் புயலில் திருச்சி நகரத்துக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

முதல் வகை வெள்ளத்துக்கு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து, நாலு அதிகாரிகளைக் கூப்பிட்டு, டீ சாப்பிட்டபடி எவ்வளவு திறக்கலாம் என்று பேசலாம். தப்பே இல்லை. இரண்டாவது வகைக்கு அது நடக்காது. ஆற்றங்கரையில் நிற்கிறவன்தான் அந்த நிமிஷத்தில் முடிவெடுத்தாக வேண்டும். சென்னைக்குத் தகவல் போய், ஃபைல் நகர்ந்து, உத்தரவு வருவதற்குள் தண்ணீர் கட்டிலுக்கு மேலே ஏறியிருக்கும்.

சரி, இதை எதற்கு இப்போது சொல்கிறேன்?

கம்ப்யூட்டர் உலகம் இந்த விஷயத்தை ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதற்கு ஒரு பெயரும் வைத்தது. ஃபாக் கம்ப்யூட்டிங். தமிழில் மூடுபனிக் கணிமை என்று சொல்லலாம். பெயரைக் கேட்டுப் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முக்கொம்பு மதகு புரிந்தால் இதுவும் புரிந்துவிடும்.

முதலில் மேகத்தைப் பார்த்துவிடுவோம். அப்புறம் மூடுபனி.

உங்கள் போட்டோக்கள் போனில் இல்லை, 'கிளவுடில்' இருக்கின்றன என்கிறார்களே, அந்தக் கிளவுட் வானத்தில் இல்லை. மும்பையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ ஏசி போட்ட பிரமாண்டமான கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவுதான் கிளவுட். உங்கள் தகவல் அங்கே போகிறது. கணக்கு அங்கே போடப்படுகிறது. பதில் திரும்பி வருகிறது. அமேசான் கம்பெனி 2006-ல் தன்னுடைய கம்ப்யூட்டர்களை மற்றவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. அங்கிருந்து இந்த வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. 2016-ல் மும்பையிலும் கடை விரித்தார்கள்.

இதில் என்ன சிக்கல்? நீங்கள் அனுபவித்ததுதான். ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறீர்கள். உங்கள் முறை வருகிறது. கடைக்காரர் கையிலிருக்கும் மெஷினைப் பார்த்துவிட்டு, 'சர்வர் வேலை செய்யலை, அப்புறம் வாங்க' என்கிறார். அரிசி மூட்டை அவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. கார்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆனாலும் எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் தலையாட்டினால்தான் அரிசி.

நமக்கு மட்டும்தான் இந்த அவஸ்தை என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அமேசானின் கிளவுட் சில மணி நேரம் படுத்துவிட்டது. வீடு கூட்டுகிற ரோபோக்களை அவற்றின் முதலாளிகளால் வேலை வாங்க முடியவில்லை. வாசலில் இருந்த கேமரா பொருத்திய அழைப்பு மணிகள் மக்கர் செய்தன. 2025 அக்டோபரில் மறுபடி ஒரு தடவை படுத்தது. அந்த முறை சூடு, குளிர்ச்சியைக் கிளவுட் வழியாகச் சரி செய்துகொள்ளும் 'ஸ்மார்ட்' படுக்கைகள் சொன்ன பேச்சைக் கேட்காமல், படுத்திருந்தவர்களைத் தூங்கவிடாமல் செய்தன. வீட்டைக் கூட்ட முடியாவிட்டால் குடி முழுகிவிடாது. அதே இடத்தில் ஆற்று மதகு ஒன்றோ, ரயில்வே சிக்னல் ஒன்றோ இருந்தால்?

நான் படித்தது பி.காம். எனக்கு இந்த விஷயம் புரிந்ததே பெட்டி கேஷ் என்கிற பழைய சமாசாரத்தை வைத்துத்தான். ஒரு கம்பெனிக்கு சென்னையில் ஹெட் ஆபீஸ், திருச்சியில் பிராஞ்ச். பிராஞ்சில் பல்பு ஃபியூஸ் போனால் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் ஹெட் ஆபீஸில் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் ராத்திரி இருட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் மாச ஆரம்பத்தில் ஒரு தொகையை பிராஞ்ச் கேஷியரிடம் கொடுத்துவிடுவார்கள். சில்லறைச் செலவை அவரே முடிவு பண்ணலாம். வவுச்சர் எழுதி வைத்து, மாசக் கடைசியில் மொத்தமாக அனுப்பினால் போதும். பெரிய செலவு, புது ஆள் எடுப்பது, கட்டடம் வாங்குவது எல்லாம் ஹெட் ஆபீஸ் பாடு.

ஃபாக் கம்ப்யூட்டிங் என்பது கம்ப்யூட்டருக்குக் கொடுத்த பெட்டி கேஷ். தெருவிலோ பாலத்திலோ ஆற்றங்கரையிலோ ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துவிடுவது. சுற்றியிருக்கிற கருவிகள் எல்லாம் முதலில் அந்தப் பெட்டியிடம் பேசும். அவசர முடிவுகளை அது உடனே எடுக்கும். மற்றதைச் சுருக்கி, வடிகட்டி, மேலே கிளவுடுக்கு அனுப்பும். லைன் அறுந்துபோனாலும் தன் வேலையை நிறுத்தாது. லைன் வந்ததும் கணக்கை ஒப்படைக்கும்.

மூடுபனி என்று ஏன் பெயர் வைத்தார்கள்? மேகம் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருக்கும். அதே மேகம் தரைக்கு இறங்கி நம்மைச் சுற்றி நின்றால் மூடுபனி. மார்கழி விடியற்காலையில் காவிரிப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பெயர்தான் புதிது. இந்த ஏற்பாட்டின் சரித்திரத்தைத் தேடிப் போனால், திருச்சியைச் சுற்றியே ஒரு ரவுண்டு வரலாம்.

முக்கொம்பில் ஆரம்பிப்போம். திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். அகண்ட காவிரி இரண்டாகப் பிரிகிற இடம். தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். கொள்ளிடம் பள்ளமானது, கடலுக்குக் குறுக்கு வழி. தண்ணீருக்கு எப்போதும் பள்ளம்தானே பிடிக்கும்? அது பாட்டுக்குக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. காவிரியின் வாய் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் என்கிற ஆங்கிலேயே இன்ஜினீயர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். தீவின் கிழக்குக் கோடியில் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை ஏற்கெனவே இருந்தது. வெள்ளைக்காரர்கள் 'அணைக்கட்டு' என்கிற நம் வார்த்தையை அப்படியே 'அனிகட்' ஆக்கி ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1836-ல் இந்தியாவில் தந்தி கிடையாது. மேலே எவ்வளவு மழை பெய்தது என்று மெட்ராஸுக்குத் தெரியாது. மதகைத் திறப்பதா மூடுவதா என்று மெட்ராஸைக் கேட்கவும் வழியில்லை. அணையில் இருந்தவர்களிடம் இருந்தது அளவு குறித்த கல்லும், கண்ணும், அனுபவமும்தான். தண்ணீர் இந்தக் கோட்டைத் தாண்டினால் இதைச் செய் என்று விதி. விதியை எழுதியது மேலிடம். நிறைவேற்றியது கரையில் நின்ற ஆள். ஆற்று வேலை பார்க்கும் லஸ்கர்களை இன்றும் டெல்டாவில் பார்க்கலாம். அதற்குக் கீழே கிராமத்து நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எந்த ராத்திரி எத்தனை நாழிகை என்பது அவர் பொறுப்பு. அதற்கு அறுவடையில் நெல்லாகக் கூலி.

விதி மேலே, முடிவு கீழே, கணக்கு மறுபடி மேலே. இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபாக் கம்ப்யூட்டிங்கின் மொத்த சூத்திரமும் இதுதான்.

1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு ஆட்டம் கொஞ்சம் மாறியது. ஆற்றின் கழுத்தில் ஒரே ஒரு பெரிய குழாய் வைத்ததுபோல் ஆனது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று, நான்கு நாள் ஆகும். காய்ந்த மணல் குடித்தது போக மிச்சம்தான் வரும். வெள்ளமாக வந்தால் இன்னும் சீக்கிரம் வரும். அப்போதும் மணிக்கணக்கில் அவகாசம் உண்டு. அவகாசம் இருக்கிற இடத்தில் மையத்தில் முடிவெடுப்பது நல்லதும்கூட. முழு ஆற்றையும் பார்க்கிற கண் அங்கேதான் இருக்கிறது. அவகாசமே இல்லாத இடத்துக்குத்தான் பக்கத்தில் ஒரு மூளை வேண்டும்.

இது ஆற்றில் மெதுவாகப் புரிந்த பாடம். ரயிலில் ரத்தம் சிந்திப் புரிந்தது.

1874 செப்டம்பர் 10. இங்கிலாந்தில் நார்விச் ஊருக்குப் பக்கத்தில் தார்ப் என்கிற இடம். ஒற்றைத் தண்டவாளம். எந்த ரயில் முதலில் போவது என்பதைத் தந்தி அடித்து முடிவு பண்ணுவார்கள். அன்றைக்கு ராத்திரி, அதிகாரியின் கையெழுத்து விழாத ஒரு தந்தி போய்விட்டது. அந்தப் பக்கத்து மெயில் புறப்பட்டுவிட்டது. அது தெரியாமல் இந்தப் பக்கத்து எக்ஸ்பிரஸும் புறப்பட்டுவிட்டது. தப்பு தெரிந்து அலறியடித்துக்கொண்டு மறுபடி தந்தி அடித்தார்கள். மெயில் கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. இரண்டு ரயிலும் வந்த வேகத்தில் நேருக்கு நேர். 25 பேர் செத்துப் போனார்கள்.

தகவல் வேகமாகப் போனால் மட்டும் போதாது என்று அன்றைக்குப் புரிந்தது. எட்வர்டு டயர் என்பவர் 1878-ல் ஒரு மெஷின் கண்டுபிடித்தார். பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில் ஆளுக்கொரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு பெட்டியிலும் வேறு டோக்கன் எடுக்க முடியாது. பூட்டிக்கொள்ளும். டோக்கன் கையில் இல்லாத டிரைவர் ரயிலை எடுக்கக்கூடாது. நம் ஊர் ஸ்டேஷன்களில் பிரம்பு வளையத்தை நீட்டிக்கொண்டு ஒருவர் நிற்க, ஓடுகிற இன்ஜினிலிருந்து டிரைவர் அதை லாகவமாகக் கையில் மாட்டிக்கொள்வாரே, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வளையத்தில் இருந்தது இந்த டோக்கன்தான்.

இதில் ஹெட் ஆபீசுக்கு என்ன வேலை? எந்த ரயிலுக்கு முன்னுரிமை, எது காத்திருக்க வேண்டும் என்று கன்ட்ரோல் ரூம் சொல்லும். ஆனால் இரண்டு ரயில் மோதக்கூடாது என்கிற விஷயத்தை மட்டும் யாருடைய புத்திசாலித்தனத்துக்கும் விடவில்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டேஷன்களின் பெட்டிகளே பேசி முடித்துக்கொண்டன. சென்னைக்கு லைன் அறுந்தாலும் ரயில்கள் மோதாது. 2020-ல் இந்திய ரயில்வே தேசிய அளவில் ஏற்றுக்கொண்ட 'கவச்' பாதுகாப்பு முறையும் இந்த வம்சம்தான். டிரைவர் சிக்னலைக் கவனிக்காவிட்டால் பிரேக் போட வேண்டும் என்கிற முடிவை இன்ஜினுக்குள் இருக்கிற கம்ப்யூட்டரே எடுக்கிறது.

இத்தனை இருந்தும், ரயில் பாதையில் ஓர் ஓட்டை நம் பக்கத்திலேயே இருந்தது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வழியாக விழுப்புரம் போகிற கார்டு லைனில், லால்குடி தாண்டிப் போனால் அரியலூர். 1956 நவம்பர் 23 விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. ராத்திரி மழையில் வெள்ளம் பாதையின் அடியை அரித்துவிட்டிருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள். 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை ராஜினாமா செய்தார். அதை மட்டும்தான் நம் பாடப் புத்தகங்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன.

பாலத்தின் காலடியில் வெள்ளம் ஏறியது ஆற்றுக்குத் தெரியும். சிக்னலுக்குத் தெரியாது. அதுதான் ஓட்டை. இன்று ரயில்வே, முக்கியமான சில பாலங்களில் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளை வைத்திருக்கிறது. தண்ணீர் அபாய அளவைத் தாண்டினால் அதிகாரிகளுக்கு எஸ்.எம்.எஸ். போகும். நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த அதிகாரி தூங்கிக்கொண்டிருந்தால்? டவரில் சிக்னல் இல்லாவிட்டால்? ஃபாக் கம்ப்யூட்டிங் ஆசாமிகள் கேட்பது இதைத்தான். பாலத்தில் இருக்கிற பெட்டியே பக்கத்து சிக்னலைச் சிவப்பாக்கிவிட்டு, அப்புறம் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் என்ன?

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். அங்கேயும் இந்த ஊஞ்சல் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

1960-களில் கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஹால் முழுக்க நிற்கும் மெயின்ஃப்ரேம். மூளை ஒன்றே ஒன்று. எல்லோரும் அதன் வாசலில் காத்திருப்பார்கள். 1981-ல் ஐ.பி.எம். கம்பெனியின் பர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. மூளை மேஜைக்கு மேஜை வந்துவிட்டது. 2006-க்குப் பிறகு கிளவுட். மூளை மறுபடி தூரத்துக்குப் போய்விட்டது. மேஜையிலும் கையிலும் இருப்பது வெறும் ஜன்னல்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதிதாக ஒரு கூட்டம் இன்டர்நெட்டுக்குள் நுழைந்தது. மனிதர்கள் அல்ல, சாமான்கள். தெருவிளக்கு, தண்ணீர் மீட்டர், டிராஃபிக் கேமரா, குப்பைத்தொட்டி, கார். இவை தூங்காது. இருபத்து நான்கு மணி நேரமும் பேசிக்கொண்டே இருக்கும். இவ்வளவு பேச்சையும் தூரத்துக் கட்டடத்துக்கு அனுப்பி, பதிலுக்குக் காத்திருப்பது சரிப்படாது என்று சிஸ்கோ கம்பெனியைச் சேர்ந்த ஃப்ளேவியோ பொனோமியும் அவருடைய சகாக்களும் 2012-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். ஃபாக் கம்ப்யூட்டிங் என்கிற பெயர் பிரபலமானது அதிலிருந்துதான். 2015 நவம்பரில் சிஸ்கோ, இன்டெல், மைக்ரோசாஃப்ட், டெல், ஏ.ஆர்.எம். கம்பெனிகளும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 'ஓப்பன்ஃபாக்' என்று ஒரு சங்கமே வைத்தார்கள். ஸ்பெயினில் பார்சலோனா நகரம் தெருவோரப் பெட்டிகளில் இதைப் பரிசோதித்துப் பார்த்தது. 2019-ல் அந்தச் சங்கம் இன்னொரு பெரிய அமைப்போடு ஐக்கியமாகிவிட்டது. இப்போது கடைத்தெருவில் 'எட்ஜ்' என்கிற பெயர்தான் அதிகம் புழங்குகிறது. கருவிக்குள்ளேயே மூளை இருந்தால் எட்ஜ், கருவிக்கும் கிளவுடுக்கும் நடுவில் பேட்டைக்கு ஒன்றாக இருந்தால் ஃபாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை பெயருக்குத்தான், சரக்கு ஒன்றுதான்.

நம் ஊரில் என்ன நடந்தது? 2015 ஜூன் 25-ல் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை ஆரம்பித்தது. 100 நகரங்கள். தமிழ்நாட்டில் 11. திருச்சிக்கு 2017 ஜூனில் சீட்டு கிடைத்தது. திட்டம் 2025 மார்ச் 31-ல் முடிந்தது. இந்த நகரங்கள் எல்லாவற்றிலும் தவறாமல் வந்த ஒன்று உண்டு. ஒருங்கிணைந்த கட்டளை, கட்டுப்பாட்டு மையம். ஒரு பெரிய ஹால். சுவர் முழுக்கத் திரைகள். ஊரின் கேமராக்கள் எல்லாம் அங்கே தெரியும். படம் பிடித்துப் பேப்பரில் போட்டால் அமர்க்களமாக இருக்கும்.

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஊரை மொத்தமாகப் பார்க்க ஓர் இடம் தேவைதான். ஆனால் மூளை மொத்தமும் அந்த ஹாலில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஸ்ரீரங்கத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வைகுண்ட ஏகாதசி. பரமபத வாசல் திறக்கிற விடியற்காலை. சித்திரை வீதி, உத்திர வீதி, எங்கே பார்த்தாலும் தலைகள். உதாரணத்துக்கு 200 கேமரா என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஒன்றுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் என்றால், மொத்தம் 800 மெகாபிட். ஒரு நாளைக்கு எட்டரை டெராபைட்டுக்கு மேல். இவ்வளவும் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் வழியாக வெளியே போக வேண்டும். எங்கேயாவது பள்ளம் தோண்டுகிற ஜே.சி.பி. அந்தக் கேபிளைக் கிள்ளிவிட்டால் ஹாலில் இருக்கிற திரைகள் கறுப்பாகிவிடும். மொபைலில் கூப்பிடலாம் என்றால், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்திருப்பார்கள். லைன் கிடைக்காது.

இப்போது வீதி முனையில் ஒரு ஃபாக் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருபது கேமராவின் படத்தை அதுவே பார்க்கிறது. யாருடைய முகமும் அதற்குத் தேவையில்லை. தலைகளை எண்ணினால் போதும். இந்தச் சந்தில் கூட்டம் அளவைத் தாண்டிவிட்டது, முன்னால் நகரவில்லை, பின்னால் இன்னும் ஜனம் சேர்கிறது என்று தெரிந்த நொடியில், சந்து வாயில் இருக்கும் பலகையில் 'வேறு வழி' என்று எழுத்து ஓடும். அங்கே நிற்கிற போலீஸ்காரரின் வயர்லெஸ்ஸில் குரல் வரும். வாசலை இழுத்துச் சாத்துகிற வேலையை மட்டும் பெட்டிக்குக் கொடுக்கக்கூடாது, அது மனிதன் பார்த்துச் செய்ய வேண்டியது. நெரிசலில் ஒருவர் விழுந்தால் அவரைக் காப்பாற்ற இருக்கிற நேரம் நிமிஷக் கணக்குதான். அந்த நிமிஷங்களில் கேபிளும் டவரும் குறுக்கே வரக்கூடாது.

மேலே ஹாலுக்கு என்ன போகும்? எண்ணிக்கை மட்டும். பத்து விநாடிக்கு ஒரு தடவை நூறு எழுத்து அனுப்பினால், 200 கேமராவுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 200 மெகாபைட்கூட வராது. ஆத்மார்த்தமாகப் பெருமாள் சேவிக்க வந்த உங்கள் முகம் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்காது என்பது கொசுறு லாபம்.

இதையே கோரையாற்றங்கரைக்குக் கொண்டு போங்கள். நாலு இடத்தில் நீர்மட்டக் கருவி, மழைமானி, கரையில் ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு சைரன். மேலே தண்ணீர் ஏறுகிற வேகத்தைப் பார்த்து, எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் அரை மணி முன்னால் ஊளையிட்டால் போதும். கட்டிலில் படுத்திருக்கிற பாட்டியை மாடிக்குத் தூக்கிவிடலாம்.

அப்படியானால் கிளவுடையும் ஹாலையும் மூடிவிடலாமா? ம்ஹும். அங்கேதான் சூட்சுமம். கோரையாற்றுப் பெட்டிக்குத் தன் ஆறு மட்டும்தான் தெரியும். அந்தத் தண்ணீர் கடைசியில் காவிரியில்தான் விழ வேண்டும். காவிரியே கரை முட்டப் போய்க்கொண்டிருந்தால் இது வடியாது, எதிர்த்து நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மேலே ஒரு கண் வேண்டும். அதே மாதிரி, ஒரு மதகைத் திறந்தால் இந்தக் கரை பிழைக்கும், கீழே ஒரு கிராமம் மூழ்கும் என்றால், அந்த முடிவைப் பெட்டியிடம் விடவே முடியாது. பெட்டி கேஷில் பல்பு வாங்கலாம், பிராஞ்சையே விற்கக்கூடாது.

இன்னும் சில பிரச்னைகளும் உண்டு. கிளவுட் கம்ப்யூட்டர் ஏசி அறையில் காவலோடு இருக்கிறது. தெருப் பெட்டி திருச்சி மே மாச வெயிலில், தூசியில், எலிக்கும் திருடனுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு கோட்டைக்குப் பதில் நூறு குடிசைக்குப் பூட்டுப் போட வேண்டும். ஹேக்கர் ஒரு பெட்டிக்குள் புகுந்தாலும் தலைவலி. பேட்டரி செத்ததா என்று பார்க்க யாராவது சைக்கிளிலாவது போய் வர வேண்டும். பெட்டி தப்பாகச் சைரன் ஊதினால் யார் பதில் சொல்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

பராமரிப்பு என்கிற வார்த்தை வந்ததால் முக்கொம்புக்கு ஒரு நடை திரும்பப் போக வேண்டியிருக்கிறது. 2018 ஆகஸ்ட். காவிரியில் பெரிய வெள்ளம். அந்த மாதம் திருச்சியில் 1928-ல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 சாயங்காலத்துக்கு மேல், காட்டன் கட்டிய மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து ஆற்றோடு போயின. 180 வருஷத்துக் கட்டுமானம். எந்தக் கம்ப்யூட்டரும் அதைத் தாங்கிப் பிடித்திருக்காது. வெள்ளம் வந்த வழியிலேயே ஓட, மணல் மூட்டைகளையும் பாறைகளையும் போட்டு அடைக்க வேண்டியிருந்தது. பிறகு பல நூறு கோடி செலவில் புதுக் கதவணை கட்டினார்கள்.

பெட்டி ஒரு கருவி. அதைக் கவனித்துக்கொள்ளக் கரையில் ஓர் ஆள் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா. லஸ்கர் வேலை காலியானால் காலியாகவே கிடக்கிற ஊரில், லட்ச ரூபாய்க் கருவி வாங்கி வைத்துப் பிரயோஜனம் இல்லை. காட்டன் காலத்து ஏற்பாடு ஓடியதற்குக் காரணம், விதியோடு கூடவே ஆளையும் அதிகாரத்தையும் கரைக்கு அனுப்பினார்கள். நீர்க்கட்டிக்கு நெல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

நமக்கு ஹால் கட்டுவதில் சிரமமே இல்லை. ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். ஆற்றங்கரையில் இருக்கிற இரும்புப் பெட்டிக்கு யாரும் ரிப்பன் வெட்ட வர மாட்டார்கள். அதனால்தான் அது பட்ஜெட்டில் கடைசியில் வரும், வெட்டும்போது முதலில் போகும்.

அடுத்த தடவை உங்கள் ஊரில் யாராவது அந்தத் திரை மயமான ஹாலைக் காட்டிப் பெருமையாகப் பேசினால், பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். லைன் அறுந்துபோன ராத்திரியில் ஆற்றங்கரைப் பெட்டி என்ன செய்யும்? அதன் சாவி யார் கையில் இருக்கிறது?

இரண்டுக்கும் டக்கென்று பதில் வந்தால், உங்கள் ஊர் நிஜமாகவே ஸ்மார்ட்தான்.